விழுந்தது ஓரிடம், கெட்டது வேறிடம்

ஒரு கேர்ணல் விழும்போது திரையில் இரண்டு மூன்று வரிகளை விட்டுவிட்டுத்தான் விழும். எந்த முகவரியை வாசிக்கப்போய் விழுந்தது, அந்த நேரம் எந்த ஃபங்ஷன் ஓடிக்கொண்டிருந்தது என்று அதில் இருக்கும். அந்த வரிகள் பொய் சொல்வதில்லை. ஆனால் அவற்றை வாசிக்கிறவர்கள் அநேகமாக அவை சொல்லாத ஒன்றை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்: "அப்ப இவவின்ர கோட்லதான் பிழை."

நான் கலைப்பீடம், வரலாறு. உனக்கேன் இந்தக் கேர்ணல் கதை எண்டு நீங்கள் கேட்கலாம். போர்டிங்கில் என்னோடு ஒரே அறையில் இருக்கிறவள் கணினி விஞ்ஞானம் படிக்கிறாள். போன செமஸ்டரில் அவள் ஒரு மெமரிப் பிழையை இரண்டு கிழமை இரவிரவாகத் துரத்தினாள். அதைப் பக்கத்துக் கட்டிலில் இருந்து பார்த்தேன். கடைசி நான்கு இரவும் அவளுக்குக் கொப்பியில் இலக்கங்களை எழுதிக்கொடுத்ததும் நான்தான். அதில் எனக்கு விளங்கியது கணினிக்காரர்களுக்கு மட்டும் உரியதாகப் படவில்லை.

மெமரி எண்டால் என்ன எண்டதிலிருந்து தொடங்கவேணும். அவள் எனக்குச் சொன்ன மாதிரியே சொல்கிறேன். ஒரு வீட்டில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஒரு பெரிய கொப்பி இருக்கிறது. ஒவ்வொரு தாளிலும் பக்க இலக்கம் மட்டும்தான், பெயர் இல்லை. எழுத இடம் வேண்டுமென்றால் ஒரு பக்கத்தைக் கேட்டு வாங்கவேண்டும். வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுக்கவேண்டும். திருப்பிக் கொடுத்த பக்கம் பிறகு இன்னொருவருக்குப் போகும். நீங்கள் பக்கத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதன் இலக்கத்தை மட்டும் மனதில் வைத்திருந்து, பிறகொரு நேரம் அதே பக்கத்தில் ஒரு எழுத்தை எழுதினால் என்ன நடக்கும்? உங்களுக்கு ஒன்றும் நடக்காது. அந்தப் பக்கத்தை இப்போது வைத்திருக்கிறவர்தான், தான் எழுதாத ஒன்றை வாசித்துவிட்டு விழுவார்.

சாதாரண செயலிகளுக்கு நடுவில் சுவர் இருக்கிறது. பிரவுசர் தன்னுடைய மெமரியைக் கெடுத்துக்கொண்டால் பிரவுசர் மட்டும்தான் சாகும். அந்தச் சுவரைக் கட்டிக் காப்பது கேர்ணல். ஆனால் லினக்ஸ் மாதிரியான ஒரு கேர்ணலுக்கு உள்ளே சுவர் இல்லை. நெற்வேர்க் டிரைவர், ஃபைல்களைப் பார்க்கிற பகுதி, மெமரி கொடுக்கிற பகுதி எல்லாமே ஒரே கொப்பியில்தான் எழுதுகின்றன. ஒருவர் கை தவறினால் யார் விழுவார் என்று யாராலும் சொல்ல முடியாது.

அவளுடைய குரூப்பில் நான்கு பேர். எக்ஸ்வி6 என்ற கேர்ணலில் ஆளுக்கொரு பகுதி சேர்க்கவேண்டும். எக்ஸ்வி6 எம்ஐடியில் 2006இல் பாடத்துக்காக எழுதப்பட்டது. கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் எழுதிய யுனிக்ஸின் ஆறாம் பதிப்பைப் பின்பற்றியது. குரூப் லீடர் இரண்டு செயலிகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் பெட்டி ஒன்றை எழுதினார். இவளுடைய பகுதி மெமரியைச் சோம்பேறித்தனமாகக் கொடுப்பது. அதாவது ஒரு செயலி நூறு பக்கம் கேட்டால் உடனே கொடுக்காமல், எந்தப் பக்கத்தைத் தொடுகிறதோ அதை மட்டும் அந்த நேரத்தில் கொடுப்பது.

நான்கு பகுதியையும் ஒன்றாகச் சேர்த்த அன்று கேர்ணல் விழத் தொடங்கியது. ஒவ்வொரு முறையும் இவளுடைய ஃபங்ஷன் மெமரி கேட்கும் இடத்தில்தான் விழுந்தது. இவளுடைய பகுதியை எடுத்துவிட்டால் எல்லாம் ஒழுங்காக ஓடியது. திரும்பப் போட்டால் விழுந்தது.

"உம்மட பகுதி இல்லாட்டி ஓடுது, போட்டா விழுது. இதுக்கு மேல என்ன வேணும்?" லீடர் கேட்டார்.

"இல்லங்க, நான் அந்த லிஸ்ட்ட தொடவே இல்ல. கேக்க மட்டுந்தான் செய்றேன்," என்றாள் இவள்.

இவள் ஹட்டன் பக்கம். மற்ற மூவரும் ஒரே ஊர், ஒரே பாடசாலை, ஒரே ரியூசன். அவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஒருவரை ஒருவர் பத்து வருடமாகத் தெரிந்தவர்களுக்கு நடுவில் ஒரு பிழை வந்து விழுந்தால், எல்லோரும் திரும்பிப் பார்க்கும் திசை ஒன்று இருக்கும். அவ்வளவுதான். அவளுடைய கோட்டை மூவரும் வரிவரியாக வாசித்தார்கள். ஒரு பிழையும் கண்டுபிடித்தார்கள்: பக்கம் கேட்டு, இல்லை என்று பதில் வந்தால் என்ன செய்வது என்று அவள் எழுதியிருக்கவில்லை. "பாத்தீரே?" என்றார்கள். அவள் அந்த இடத்தைத் திருத்தினாள். கேர்ணல் அதே மாதிரி விழுந்தது. அதற்குப் பிறகும் யாருக்கும் மற்றவர்களின் கோட்டைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை. அவளுடைய பகுதியை விட்டுவிட்டு ஒப்படைப்போம், அவளுடையது முடியவில்லை என்று விரிவுரையாளருக்குச் சொல்வோம் என்று முடிவானது. ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனிப் புள்ளி. ஆகவே அது அவளுடைய புள்ளி போகிற விஷயம்.

அந்த நாட்களில் அவள் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தது 2008இல் லினக்ஸ் கேர்ணலில் நடந்த ஒரு கதை. எனக்கும் சொன்னாள். பிறகு நானே தேடி வாசித்தேன்.

2008 செப்ரெம்பரில் லினக்ஸ் 2.6.27 வெளிவருவதற்கான சோதனைப் பதிப்புகளை ஓடவிட்ட சிலருடைய லப்டொப்களில் நெற்வேர்க் வேலைசெய்யாமல் போனது. கேர்ணலை மாற்றினாலும் திரும்பி வரவில்லை. இன்ரெலின் கிகாபிற் நெற்வேர்க் சில்லுகளுக்கு என்று ஒரு சின்ன நிரந்தர மெமரி உண்டு. சில்லின் முகவரியும் அமைப்புகளும் அதில்தான் இருக்கும். மின்சாரத்தை நிறுத்தினாலும் அழியாது. அதற்குள்ளேயே யாரோ குப்பையை எழுதியிருந்தார்கள். சாதாரண மெமரி கெட்டால் நிறுத்திவிட்டுத் திரும்பப் போடலாம். இது பொருளே கெட்டுப்போகிற விஷயம்.

சந்தேகம் உடனே அந்தச் சில்லை ஓட்டுகிற டிரைவரின் மேல் விழுந்தது. அதன் பெயர் இ1000இ. நியாயமான சந்தேகம்தான். கெட்டது அதனுடைய வீடு, வேறு யாருக்கும் அந்த வீட்டில் வேலை இல்லை. சில லினக்ஸ் வெளியீட்டாளர்கள் தங்கள் சோதனைப் பதிப்புகளில் அந்த டிரைவரையே நிறுத்திவைத்தார்கள். நிறுத்தியதும் கெடுவதும் நின்றது. டிரைவரைத் துருவிப் பார்த்தபோது, ஒரே நேரத்தில் இரண்டு பக்கம் நின்று அந்த நிரந்தர மெமரியைத் தொடக்கூடிய மாதிரிச் சில பிழைகளும் உண்மையிலேயே கிடைத்தன. அவற்றைத் திருத்தினார்கள். ஆனால் கெடுத்தது அவை அல்ல.

கெடுத்தது எஃப்ரேஸ். அது 2.6.27இல்தான் கேர்ணலுக்குள் புதிதாக வந்திருந்தது. ஸ்டீவன் ரொஸ்ரெட் எழுதியது. அதனுடைய வேலையே கேர்ணலுக்குள் என்ன நடக்கிறது என்று கவனிப்பதுதான். ஒவ்வொரு ஃபங்ஷனின் தொடக்கத்திலும் ஒரு சின்ன அழைப்பு வைக்கப்பட்டிருக்கும். ஃபங்ஷன் முதல்முறை ஓடும்போது எஃப்ரேஸ் அந்த இடத்தின் முகவரியைக் குறித்துக்கொள்ளும். கொஞ்ச நேரம் கழித்து வந்து, வேகம் குறையாமல் இருப்பதற்காக, அந்த அழைப்பை எடுத்துவிட்டு ஒன்றும் செய்யாத கட்டளை ஒன்றை வைக்கும்.

இங்கேதான் சிக்கல். கேர்ணலில் சேர்கிற சில பகுதிகள், தொடங்கும்போது மட்டும் தேவையான ஃபங்ஷன்களை வைத்திருக்கும். தொடங்கி முடிந்ததும் அந்த மெமரி திருப்பிக் கொடுக்கப்படும். எஃப்ரேஸின் பட்டியலிலோ பழைய முகவரி அப்படியே இருக்கும். அதே முகவரி பிறகு நெற்வேர்க் சில்லின் நிரந்தர மெமரியைப் பார்ப்பதற்கான ஜன்னலாகக் கொடுக்கப்பட்டுவிட்டால்?

எஃப்ரேஸ் கவனமில்லாமல் எழுதியது என்றும் சொல்ல முடியாது. முதலில் ஒப்பிட்டுப் பார்த்து, எதிர்பார்த்தது அங்கே இருந்தால் மட்டும் மாற்றுகிற கட்டளையைத்தான் அது பயன்படுத்தியது. ஆனால் எக்ஸ்86 சில்லுகளில் அந்தக் கட்டளைக்கு ஒரு குணம் உண்டு. ஒப்பீடு பொருந்தாவிட்டாலும் அது எழுதும், வாசித்த அதே மதிப்பைத் திரும்ப எழுதும். சாதாரண மெமரியில் இருந்ததையே திரும்ப எழுதினால் யாருக்கும் தெரியாது. ஒரு கருவியின் ஜன்னலில் எழுதுவது அப்படியல்ல, அது கட்டளை கொடுப்பது மாதிரி. "நான் ஒன்றும் மாற்றவில்லை" என்று நினைத்துக்கொண்டு போன கைதான் கெடுத்துவிட்டுப் போயிருக்கிறது.

2008 ஒக்ரோபர் 9ஆம் திகதி 2.6.27 வெளிவந்தது. அடுத்த கிழமையே 2.6.27.1 வந்தது, எஃப்ரேஸின் அந்தப் பகுதியை நிறுத்திவைத்து.

என்னுடைய ரூம்மேற்றுக்கு இந்தக் கதையில் பிடித்தது ஒரே ஒரு இடம். "பாருடி, டிரைவர எடுத்தா நின்னுச்சு. அதனால டிரைவர்தான் குற்றவாளின்னு ஆகுமா? அடி வாங்குறவன வெளிய அனுப்பினாலும் அடி நிக்குந்தான்."

அதற்குப் பிறகு அவள் தன் கோட்டை வாசிப்பதை விட்டுவிட்டு டிபக்கரைத் திறந்தாள்.

எக்ஸ்வி6ஐ அசல் கணினியில் ஓட்டுவதில்லை. கியூஎமு என்ற செயலிக்குள், கணினிக்குள் ஒரு கணினியாக ஓட்டுவார்கள். ஜிடிபி என்ற டிபக்கரை அதனோடு இணைத்தால் கேர்ணலை விரும்பிய இடத்தில் நிறுத்தலாம். நிறுத்திவைத்துவிட்டு எந்த முகவரியில் என்ன இருக்கிறது என்றும் பார்க்கலாம். முதலில் அவள் புரொசெசர் எண்ணிக்கையை ஒன்றாகக் குறைத்தாள். ஒரே கட்டளைகளை ஒரே வரிசையில் கொடுத்தாள். பிழை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வந்தால்தான் அதற்குக் காவல் போடலாம்.

எக்ஸ்வி6இல் வெறும் பக்கங்களின் பட்டியலுக்குத் தனிக் கொப்பி இல்லை. ஒவ்வொரு வெறும் பக்கத்தின் தலையிலும் அடுத்த வெறும் பக்கத்தின் முகவரி எழுதப்பட்டிருக்கும். ஒரு பக்கம் 4096 பைற். கணினி எண்ணுகிற பதினாறின் அடிமானத்தில் அது சரியாக 1000. அதனால் பக்கத்தின் முகவரி எதுவானாலும் கடைசியில் மூன்று சைபர் வரும். கேர்ணல் விழுந்த முகவரி அர்த்தமில்லாத ஒரு நீண்ட இலக்கம். அதற்கு ஒரு படி முன்னால் போய் நிறுத்திப் பார்த்தாள். பட்டியலில் இருந்த முகவரியின் கடைசி மூன்று இலக்கமும் எஃப், எஃப், எஃப்.

பதினாறின் அடிமானத்தில் எஃப்தான் கடைசி இலக்கம், எங்களுடைய 9 மாதிரி. 5000இல் ஒன்றைக் கழித்தால் 4999 வருகிற மாதிரித்தான் இதுவும். அவள் கட்டிலில் எழும்பி இருந்தாள். "குப்பை இல்லடி இது. யாரோ ஒண்ண கழிச்சிருக்காங்க."

குப்பை என்று தெரிந்தால் எங்கே தேடுவது என்று தெரியாது. ஒன்றைக் கழிப்பது என்றால், யாரோ எதையோ எண்ணுகிறார்கள் என்று அர்த்தம். அவளுடைய பகுதியில் எண்ணுகிற வேலையே இல்லை.

அதற்குப் பிறகுதான் வொட்ச்பொயின்ற். சாதாரணமாக டிபக்கரில் கோட்டின் ஒரு வரியில் நிறுத்தச் சொல்லலாம். வொட்ச்பொயின்ற் வேறு விதம். கோட்டைப் பற்றி ஒன்றும் கேட்காமல், "இந்த முகவரியில் யார் எழுதினாலும் நிறுத்து" என்று சொல்வது. ஆளின் மேல் காவல் இல்லை, முகவரியின் மேல் காவல். அசல் எக்ஸ்86 சில்லில் இப்படிக் காவல் போட நான்கு இடம்தான் இருக்கிறது, அதனால் எதைப் பார்க்கவேண்டும் என்பதை முதலே யோசித்திருக்கவேண்டும். எல்லோரையும் எல்லா நேரமும் சந்தேகிக்க வன்பொருளே விடாது.

கெட்ட பக்கத்தின் தலையில் காவலைப் போட்டாள். உடனே நிற்கத் தொடங்கியது. எக்ஸ்வி6 ஒரு பக்கத்தைத் திருப்பி வாங்கும்போது அதை முழுக்க 1ஆல் நிரப்பும், கொடுக்கும்போது 5ஆல் நிரப்பும். பைற் பைற்றாக நிரப்புவதால், தலையில் உள்ள எட்டு பைற்றுக்கும் எட்டுத் தடவை நிற்கும். ஒவ்வொரு தடவையும் டிபக்கர் பழைய மதிப்பு, புதிய மதிப்பு, எந்த ஃபங்ஷன் என்று காட்டும். அவள் வாசிப்பாள், நான் எழுதுவேன். நூறு தாண்டியது. எல்லாம் நியாயமான எழுத்துத்தான். எழுத உரிமை உள்ளவர்கள், எழுதவேண்டிய நேரத்தில் எழுதியது. இதில் அலுப்பு வந்து ஒன்றைத் தாண்டிவிட்டால் முழுவதும் வீண். எங்கள் பாடத்தில் பழைய பதிவேடுகளைப் புரட்டுகிறபோது வருகிற அதே அலுப்புத்தான்.

நான்காவது இரவு இரண்டு மணிக்குப் பிறகு அது நின்றது. பழைய மதிப்பின் கடைசியில் மூன்று சைபர், புதிய மதிப்பின் கடைசியில் மூன்று எஃப். ஃபங்ஷன், செய்திப் பெட்டியை மூடுகிற ஃபங்ஷன்.

பெட்டியைத் திறந்து வைத்திருக்கிறவர்களின் எண்ணிக்கை அந்தப் பக்கத்தின் தலையில் இருந்தது. கடைசி ஆள் மூடும்போது கோட் முதலில் பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தது, பிறகு எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்தது. இரண்டு வரி, வரிசை மாறி. திருப்பிக் கொடுத்த கணத்திலேயே அந்த இடத்தில் அடுத்த வெறும் பக்கத்தின் முகவரி வந்துவிட்டது. கழிந்தது அதிலிருந்து.

அப்படியென்றால் பெட்டியை மூடிய உடனேயே ஏன் விழவில்லை? வெறும் பக்கங்களின் பட்டியல் தட்டு அடுக்குகிற மாதிரி. கடைசியாக வைத்ததைத்தான் முதலில் எடுக்கும். பெட்டியை மூடிய செயலி முடியும்போது அதனுடைய மற்றப் பக்கங்கள் எல்லாம் மேலே வந்து குவிந்துவிடும், கெட்ட பக்கம் அடியில் போய்விடும். சாதாரண வேலைகளுக்கு மேல்தட்டுகளே போதும். இவளுடைய சோதனைச் செயலி மட்டும்தான் நூற்றுக்கணக்கில் பக்கம் எடுத்து அடிவரை போகும். அதனால்தான் அவளை எடுத்தால் எல்லாம் ஓடியது. அடியில் கிடந்ததை அவள்தான் முதலில் தொட்டாள்.

அடுத்த நாள் அவள் குரூப்புக்கு அந்தத் திரையைக் காட்டினாள். யாருடைய பகுதி என்று சொல்லவில்லை. பழைய மதிப்பு, புதிய மதிப்பு, ஃபங்ஷனின் பெயர், "இந்த ரெண்டு வரியையும் மாத்திப் போட்டா சரி" என்று மட்டும் சொன்னாள். லீடர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மாற்றினார். நான்கு பகுதியும் ஒன்றாக ஓடியது. சொறி என்று யாரும் சொல்லவில்லை. வட்ஸ்அப் குரூப்பில் ஒருவர் கட்டைவிரல் போட்டார். அவள் தன்னுடைய பகுதியோடு சேர்த்தே ஒப்படைத்தாள்.

எனக்கு அவளைவிட அதிகமாகக் கோபம் வந்தது. அவள் அதற்குச் சொன்ன பதில் யோசிக்கவைத்தது. டிபக்கர் சொல்வது யார் எழுதியது என்பதை மட்டும்தான், ஏன் எழுத முடிந்தது என்பதை அது சொல்லாது. 2008இலும் அப்படித்தான். எழுதிய கை எஃப்ரேஸுடையது. ஆனால் திருப்பிக் கொடுக்கப்பட்ட முகவரி பட்டியலில் தங்கியதும், அதே முகவரி சில்லின் ஜன்னலாக வந்ததும், சில்லின் நிரந்தர மெமரி பூட்டப்படாமல் திறந்து கிடந்ததும், பொருந்தாவிட்டாலும் எழுதுகிற அந்தக் கட்டளையும் எல்லாம் ஒன்றுசேர்ந்தபோதுதான் கெட்டது. அதனால் திருத்தமும் ஓரிடத்தில் நிற்கவில்லை. நிரந்தர மெமரியை எழுத முடியாமல் பூட்டிவைக்க டிரைவர் திருத்தப்பட்டது. எஃப்ரேஸ், ஓடும்போது முகவரி குறிக்கிற முறையை விட்டுவிட்டு, கேர்ணலைக் கட்டும்போதே பட்டியலை எடுக்கிற முறைக்கு 2.6.28இல் மாறியது. ஸ்டீவன் ரொஸ்ரெட் தொடர்ந்து எஃப்ரேஸைப் பராமரித்தார். இன்றைக்கு அது லினக்ஸில் எல்லோரும் பயன்படுத்துகிற கருவி.

2015இல் லினக்ஸ் 4.0 பதிப்போடு கசான் என்ற ஒன்று வந்தது. ஒவ்வொரு எட்டு பைற்றுக்கும் ஒரு பைற் ஒதுக்கி, அது இப்போது தொடக்கூடியதா என்று குறித்து வைக்கும். திருப்பிக் கொடுத்த மெமரியை யாராவது தொட்டால் அந்தக் கணத்திலேயே சத்தம் போடும், பின்னால் வந்து விழப்போகிறவருக்காகக் காத்திருக்காது. அதற்கு விலை உண்டு: மெமரியில் எட்டில் ஒரு பங்கு போகும், வேகமும் குறையும். சோதிக்கும்போது அந்த விலையைக் கொடுக்கிறார்கள், ஏனென்றால் மற்ற வழியின் விலை அதைவிடக் கூட.

கேர்ணலுக்கு வெளியே எங்களிடம் வொட்ச்பொயின்ற் கிடையாது. ஒரு குரூப்பில், ஒரு சங்கத்தில், ஒரு வீட்டில் ஏதாவது விழுந்தால் திரும்ப ஓடவிட்டுப் பார்க்க முடியாது. ஆனால் கேட்கக்கூடிய கேள்விகள் கொஞ்சம் இருக்கின்றன. விழுந்த இடத்தில் நின்றவர் எழுதியவரா, அல்லது அடிவரை போய்த் தொட்டவரா? அவரை வெளியே எடுத்ததும் எல்லாம் ஓடினால், அது எதை நிரூபிக்கிறது? அவரிடம் கண்டுபிடித்த இன்னொரு பிழைக்கும் இந்த விழுகைக்கும் என்ன சம்பந்தம்? இவற்றைக் கேட்க நான்கு இரவு தேவையில்லை. ஒருவருடைய பகுதியை விட்டுவிட்டு ஒப்படைப்போம் என்று சொல்வதற்கு முதல் ஐந்து நிமிடம் போதும்.